விளிம்பில் ஒரு பெயர்

கண்ணாடிப் பேழை, அதனுள்ளே கருஞ்சிவப்புப் பட்டு, பட்டின்மேல் ஒரு பதக்கம். பக்கத்திலே படைவீரனின் இரும்புத் தொப்பி. மேலே சுவரில் இரண்டு வாள்கள், ஒன்றையொன்று தழுவியபடி. விளக்கொளி பட்டதும் பேழை பளபளக்கிறது. "இது பர்மாப் போரில் கிடைத்தது, அது மெசபடோமியாவிலிருந்து வந்தது, அன்று இன்ன விலைக்கு வாங்கினேன், இன்று அதன் விலை இத்தனை மடங்கு" என்று உரிமையாளர் உரைக்கிறார், காண வந்தோர் வாய் பிளந்து நிற்கின்றனர். வியப்பு நடக்கிறது, விசாரணை நடப்பதில்லை!

யாருடைய தலையில் இருந்தது இந்தத் தொப்பி? அந்தத் தலையைக் காத்ததா, காக்கத் தவறியதா? யாருடைய மார்பில் தொங்கியது இந்தப் பதக்கம்? மார்பிலிருந்து பேழைக்கு அது வந்த வழி எது? எவர் பசி அதை விற்றது? எவர் செல்வம் அதை வாங்கியது?

கேட்பாரில்லை. கேட்டால் பேழையின் பளபளப்பு குறைந்துவிடும் என்ற அச்சமோ என்னவோ!

அஞ்சல் தலை சேர்ப்போர் உண்டு, பழைய நாணயம் சேர்ப்போர் உண்டு, தீப்பெட்டிப் படம் சேர்ப்போரும் உண்டு. அவை போல் இதுவும் ஒரு பொழுதுபோக்கு என்பர். பொழுது போகிறது, மறுக்கவில்லை. ஆனால் அஞ்சல் தலையிலே ஒட்டியிருப்பது பசை. இந்தப் பொருள்களிலே ஒட்டியிருப்பது குருதி. இரண்டையும் ஒரே ஏட்டில் ஒட்டுவதற்குமுன் சற்றே சிந்திக்க வேண்டாமா?

இலண்டன் ஏலக் கூடத்திலே பதக்கம் விலைபோகும் செய்தி இன்று கம்பத்து இளைஞனின் கைப்பேசிக்கு அரை நொடியில் வந்துவிடுகிறது. பள்ளியிலே பாடம் சொல்லும் நான், மாணவர் சிலர் ஜெர்மானியத் தலைக்கவசப் படங்களைத் திரட்டி வைத்து, இது எந்த ஆண்டு வார்ப்பு, அது எந்தப் படைப் பிரிவு என்று ஒப்பிக்கக் கேட்டிருக்கிறேன். அந்தக் கவசத்தை அணிந்தவர்கள் எதற்காகப் போரிட்டனர், எத்தனை இலட்சம் யூதர்களைக் கொன்ற ஆட்சிக்குக் காவல் நின்றனர் என்று கேட்டால், விடை வருவதில்லை. இரும்பைப் பற்றி எல்லாம் தெரிகிறது. மனிதனைப் பற்றி எதுவும் தெரியவில்லை. இந்தப் பொழுதுபோக்கின் பெருங்குறை இதுதான். அதைத்தான் இங்கே ஆராய முற்படுகிறேன்.

ஔவை கண்ட காட்சி சாலை

படைக்கலத்தைப் பார்வைக்கு வைப்பது பற்றிய முதல் விமரிசனம், தமிழிலே எழுந்து ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் ஆகின்றன. விமரிசகர், ஒரு பெண்பாற் புலவர். தகடூர் அதியமானிடமிருந்து தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டிப் பெருமிதம் கொண்டபோது பாடியது புறநானூற்றின் 95-ஆம் பாட்டு. தொண்டைமானின் கருவிகள் அழகழகாய் அணி செய்யப்பட்டு, நெய் பூசப்பட்டு, காவலுள்ள மனையில் கொலுவிருக்கின்றன. அதியமானின் வேல்களோ முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. இதுவே பாட்டின் பொருள். புகழ்வது போல் இகழ்ந்தார், இகழ்வது போல் புகழ்ந்தார். காட்சிக்கு வைத்த கருவி கருவியே அன்று என்பதைக் கடுஞ்சொல் ஒன்றுமின்றி உணர்த்திவிட்டார்.

மேடைதோறும் இந்தப் பாட்டை எடுத்துரைக்கிறோம், கைதட்டுகிறோம். ஆனால் பாதி வழியிலே நின்றுவிடுகிறோம். அதியமானின் வேல்முனை முறிந்தது என்கிறாரே, முறிந்த அந்த முனை எங்கே தங்கியது? ஒருவன் எலும்பிலே! அவனுக்கு ஊர் உண்டு, உறவு உண்டு, அவன் வரவை நோக்கி வாயிலில் நின்ற ஒருத்தியும் உண்டு. தொண்டைமானின் கொட்டிலில் அவனைப் பற்றிய குறிப்பு இல்லை. அதியமானின் பட்டறையிலும் இல்லை. பழம்பாட்டு என்பதற்காக இந்தக் கேள்வியைக் கேளாமல் விடுவது தமிழ்ப்பற்று ஆகலாம், பகுத்தறிவு ஆகாது.

ஔவையைக் குறை கூறவில்லை. அவர் நமக்கு வழிதான் காட்டினார். பளபளக்கும் வேலைக் கண்டு மயங்காதே, பட்டறைக்குப் போய்ப் பார் என்றார். நாம் இன்னும் ஓரடி முன்னே சென்று, முறிந்த முனையைத் தேட வேண்டும்.

கொட்டிலிலிருந்து கூடத்துக்கு

நம் நாட்டு வாளும் வேலும் வளரியும் சேகரிப்போர் கூடத்துக்கு வந்த கதை, வெறும் வாணிகக் கதையன்று. ஆட்சி கைமாறிய கதை.

1801 அக்டோபர் 24-இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். அந்த ஆண்டு முடிவதற்குள், டிசம்பரில், பாளையங்களில் படைக்கலம் வைத்திருப்பதைத் தடுக்கும் அறிவிப்பை ஆளுநர் எட்வர்ட் கிளைவின் சென்னை ஆட்சி வெளியிட்டது. வளரி எறியும் கலையைச் சின்ன மருதுவிடமே கற்றதாக எழுதிய ஆங்கிலப் படைத் தலைவர் ஜேம்ஸ் வெல்ஷ், அந்த மருதுவை வேட்டையாடிய படையிலும் இருந்தார்! 1830-இல் வெளிவந்த அவருடைய நினைவு நூலிலே நட்பும் இருக்கிறது, தூக்கும் இருக்கிறது. கற்றுக்கொடுத்தவன் கயிற்றிலே தொங்கினான். கற்றுக்கொண்டவர் ஏட்டிலே நினைவு கூர்ந்தார். வளரியோ கடல் கடந்து போய், அருங்காட்சியகப் பேழைகளில், ஆஸ்திரேலியப் பூமராங்கின் இந்திய உறவினன் என்ற பெயரோடு படுத்திருக்கிறது.

1855-இல் தஞ்சை மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி மறைந்தார். அரசு கும்பினியின் கைக்குப் போயிற்று. அரண்மனைப் படைக்கலச் சாலையில் தலைமுறை தலைமுறையாகக் குவிந்திருந்த வாள்கள், கட்டாரிகள், யானைத் தோட்டிகள், ஈட்டிகள் என்ன ஆயின? தேர்ந்தெடுத்தவை சென்னை அருங்காட்சியகத்துக்குச் சென்றன. எஞ்சியவை உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விற்கப்பட்டன. அந்தச் சாலையைப் பற்றி ஆங்கில அதிகாரி வால்ஹவுஸ் 1878-இல் ஒரு கட்டுரை எழுதினார்.

1878! அந்த ஆண்டை நினைவில் வையுங்கள். லிட்டன் ஆட்சி இந்திய ஆயுதச் சட்டத்தை இயற்றியதும் அதே 1878-இல்தான். இந்தியன் உரிமச் சீட்டின்றிப் படைக்கலம் வைத்திருந்தால் குற்றம், ஐரோப்பியனுக்கு விலக்கு. ஒரே ஆண்டிலே ஒரு கை சட்டம் எழுதிற்று. இன்னொரு கை, மறைந்த படைக்கலங்களின் அழகை வியந்து எழுதிற்று. பறித்தவன் சுவரிலே தொங்கினால் கலைப்பொருள். பறிகொடுத்தவன் வீட்டிலே இருந்தால் தடயப்பொருள்!

மீண்டும் வாளேந்த வேண்டும் என்பதன்று என் வாதம். பேழைக்கு அருகிலே எழுதி வைக்கும் குறிப்பில், "வாள், 17-ஆம் நூற்றாண்டு, தென்னிந்தியா" என்று மூன்றே சொற்களை எழுதிவிட்டு, அது எவ்வாறு வந்தது என்பதை எழுதாமல் விடுவது பாதி உண்மை. பாதி உண்மை முழுப் பொய்யினும் கொடிது என்கிறேன்.

பதக்கத்திலும் இரண்டு சாதி

வாளை விட்டுப் பதக்கத்துக்கு வருவோம். வாள் கொன்றதற்குக் கருவி. பதக்கம் கொடுத்ததற்குச் சான்று என்பர். யார் கொடுத்தது? யாருக்குக் கொடுத்தது?

விக்டோரியா சிலுவை என்ற உயர்ந்த விருதை 1856-இல் ஏற்படுத்தினர். இந்தியப் படைவீரன் அதற்குத் தகுதியுடையவன் என்று ஒப்புக்கொள்ள 1911 வரை ஆயிற்று. ஐம்பத்தைந்து ஆண்டுகள்! அதுவரை அவன் குருதி வேறு நிறம் என்று எண்ணினர் போலும்.

முதல் உலகப் போர் முடிந்ததும் பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் வழங்கினர். ஏறத்தாழ 65 இலட்சம் பதக்கங்கள் வெள்ளியிலே. ஏறத்தாழ 1,10,000 பதக்கங்கள் வெண்கலத்திலே. வெள்ளி படைவீரனுக்கு. வெண்கலம் சீனத் தொழிலாளிக்கும், மால்டாத் தொழிலாளிக்கும், சுமை தூக்கிய இந்தியத் தொழிலாளிக்கும். ஒரே போர், ஒரே சேறு, ஒரே குண்டு மழை. ஆனால் பதக்கத்திலே இரண்டு சாதி! மனுநீதி கங்கைக் கரையில் மட்டும் எழுதப்பட்டதன்று தோழர்களே, தேம்ஸ் கரையிலும் அதன் படி ஒன்று இருந்திருக்கிறது.

அந்தப் போரில் இந்தியாவிலிருந்து 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் கடந்தனர். மாண்டோர் 74,000-க்கும் மேல். மாண்டவர் குடும்பத்துக்கு அகன்ற வெண்கல வட்டு ஒன்று அனுப்பினர். விடுதலைக்காகவும் மானத்துக்காகவும் மடிந்தான் என்ற பொருள்பட ஆங்கில வாசகம். நடுவிலே இறந்தவன் பெயர். ஆங்கில நாட்டு மக்களே அதற்குச் "செத்தவன் காசு" என்று பெயர் வைத்தனர். விடுதலைக்காக! எந்த நாட்டு விடுதலைக்காக? அந்த வட்டுகளை வார்த்துக்கொண்டிருந்த நாள்களிலேதான், 1920 ஏப்ரல் 3-ஆம் நாள், நம் ஆண்டிபட்டிக் கணவாய்க்கு அப்பால் உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூரில், குற்றப் பரம்பரைச் சட்டத்துக்குப் பணிய மறுத்த மக்கள்மீது காவல்துறை சுட்டது. பதினாறு பேர் மாண்டனர்; அவர்களுள் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருத்தி. அவர்களுக்கு வட்டும் இல்லை, வாசகமும் இல்லை. எந்தச் சேகரிப்பாளர் பேழையிலும் அவர்களுக்கு இடமில்லை. ஏனெனில் அவர்கள் விட்டுச் சென்றது இரும்பன்று, கேள்வி!

சந்தையின் கணக்கு

சேகரிப்போர் சந்தைக்கென்று ஓர் அறநூல் உண்டு. அதை மனு எழுதவில்லை, மதிப்பீட்டாளர் எழுதினார். பதக்கம் பெற்றவன் பிழைத்து வந்தால் ஒரு விலை. போரிலே இறந்திருந்தால் உயர்ந்த விலை. பெயர்பெற்ற போரின் முதல் நாளிலேயே இறந்திருந்தால் இன்னும் உயர்ந்த விலை. சாவு விலையேற்றும் பண்டம் இது ஒன்றுதான்.

தலைக்கவசத்துக்கும் அதே கணக்கு. 1915-இல் பிராடி என்ற ஆங்கிலேயர் ஒரே எஃகுத் தகட்டை அழுத்தி உருவாக்கிய கவிந்த தட்டுப் போன்ற தொப்பி, மேலிருந்து சிதறி விழும் குண்டுச் சில்லுகளிலிருந்து தலையைக் காக்க வந்தது. கொல்வதற்கன்று, காப்பதற்காக வந்த பொருள். ஆனால் சந்தையிலே அது துளைபட்டிருந்தால் தனி மதிப்பு! ஆகவே துளையில்லாத தொப்பிக்குத் தாமே துளை போட்டு விற்கும் தந்திரசாலிகளும் தோன்றினர். செத்தவனே இல்லாத சாவுக்கும் விலை கிடைக்கிறது. தேராதூன் தொழிற்சாலைகள் பழங்கால வாளையும் கவசத்தையும் போன்ற நகல்களைச் செய்து அயல்நாடுகளுக்கு அனுப்புகின்றன. அது நேர்மையான தொழில், நகலென்றே சொல்லி விற்கின்றனர். ஆனால் நகலுக்குத் துருவேற்றித் தொன்மை என்று தலையில் கட்டுவோரிடம் ஏமாறுவது யார்? பொருளை மட்டும் பார்த்துக் கதையை விசாரியாதவர்தான்.

ஆண்டுக்கொரு நாள் கருவிகளுக்குப் பொட்டிட்டுப் பூச்சூட்டிப் பூசை செய்வதைப் பழமை என்று நகைக்கிறோம். ஆண்டு முழுதும் பட்டு விரித்து, விளக்கேற்றி, தொடாதே என்று எழுதி வைத்திருக்கும் பேழை மட்டும் புதுமையா? அங்கே மந்திரம், இங்கே மதிப்பீட்டுச் சான்றிதழ். கேள்வி கேளாமை இரண்டிலும் ஒன்றே.

விளிம்பைப் பாருங்கள்

இவ்வளவும் கூறியபின், எல்லாச் சேகரிப்பாளரையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தால் நேர்மை ஆகாது. பதக்கத்தின் முகத்தைப் பார்ப்போர் ஒரு வகை. விளிம்பைப் பார்ப்போர் இன்னொரு வகை.

முகத்திலே இருப்பது முடிமன்னன் தலை. எல்லாப் பதக்கத்திலும் அதே தலை. விளிம்பைத் திருப்பிப் பாருங்கள்: சிறுசிறு எழுத்தில் ஓர் எண், ஒரு படைநிலை, ஒரு பெயர், ஒரு பிரிவு. முதல் உலகப் போரின் பதக்கங்களில் இந்தப் பெயர் உண்டு. இரண்டாம் உலகப் போரின் பதக்கங்களைப் பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெயரின்றியே வழங்கினர். இந்திய வீரர்களுக்கு வழங்கியவற்றில் பெயர் பொறித்தனர். ஆகவே நம் ஊர்த் தகரப் பெட்டிகளில் உறங்கும் பர்மா விண்மீனும் போர்ப் பதக்கமும் ஊமைப் பொருள்களல்ல, பேசும் ஏடுகள். முன்னதைவிடப் பின்னது பிழைத்திருக்க வாய்ப்பும் மிகுதி. ஏனெனில் முதற்போர்ப் பதக்கம் வெள்ளி, இரண்டாம் போர்ப் பதக்கம் செம்பும் நிக்கலும் கலந்தது. வெள்ளிக்கு அடகுக் கடையில் எடை உண்டு. உலையிலே கொலுசாக மறுபிறவி உண்டு. பசியோடு வந்தவளிடம் விளிம்பைப் படித்துக் காட்ட அங்கே எவருக்கு நேரம்? பெயர் உருகிற்று, வெள்ளி மட்டும் மிஞ்சிற்று.

என் மாணவன் ஒருவன், தன் பாட்டனின் தந்தை பெற்ற பதக்கத்தை ஒருநாள் கொண்டுவந்தான். வீட்டார் அதைச் "சாமிக் காசு" என்று விளக்கு மாடத்தில் வைத்திருந்தார்களாம். விளிம்பைத் துடைத்துப் படித்தோம். அந்த முதியவரின் பெயர் இருந்தது. "ஐயா, இது எங்க தாத்தாவோட அப்பா பேரு!" என்றான். மாடத்திலே சாமியாக இருந்தவர் அன்றுதான் மீண்டும் மனிதரானார்.

விளிம்பைத் தேடிச் செல்பவருக்கு மன்னர்கள் கிடைப்பதில்லை; மனிதர்கள் கிடைக்கின்றனர். காஞ்சிபுரத்தை அடுத்த சிற்றூரில் பிறந்த சுபேதார் சுப்பிரமணியன் கிடைப்பார்: மதராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியாளர் படையைச் சேர்ந்தவர், 1944 பிப்ரவரி 24-இல் இத்தாலியில் கண்ணிவெடி அகற்றும் பணியில், வெடிக்கவிருந்த கண்ணிமேல் தாமே விழுந்து தோழர்களைக் காத்தவர். இறந்தபின் ஜார்ஜ் சிலுவை விருது பெற்றார். கொன்றதற்கன்று, காத்ததற்கு! மறுபுறம், ஆங்கிலக் கவிஞர் சசூன் கிடைப்பார்: வீரத்துக்காகப் பெற்ற பதக்கத்தின் பட்டையைக் கிழித்து, 1917-இல் மெர்சி ஆற்றிலே வீசியவர், போரை வேண்டுமென்றே நீட்டிக்கிறார்கள் என்று அறிக்கை விடுத்தவர். பதக்கத்தை ஏற்றதிலும் ஒரு வரலாறு. எறிந்ததிலும் ஒரு வரலாறு. பேழையில் இவ்விரண்டும் இடம்பெற்றால், அது பேழையன்று, பள்ளி.

நம் பள்ளத்தாக்கு கற்பிக்கும் பாடம்

பெயரைக் காக்கும் கலையை நாம் பிறரிடம் கற்க வேண்டியதில்லை. தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்திலே, வைகைக் கரையில், புலிமான்கோம்பை என்னும் ஊர் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே மூன்று நடுகற்களைக் கண்டனர். தமிழ்-பிராமி எழுத்து, ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமை. அவற்றுள் ஒன்று, கூடலூர் ஆகோளில், அதாவது ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்த தீயன் அந்தவன் என்பவனுக்கு நட்ட கல். அந்தக் கூடலூர் நம் கம்பம் பள்ளத்தாக்கின் கூடலூரே என்று கருதும் அறிஞரும் உண்டு.

அந்தக் கல்லிலே வாளேந்திய உருவம் இல்லை. குதிரை இல்லை, கொடி இல்லை. எழுத்து இருக்கிறது: பெயர், ஊர், இறந்த காரணம். அவன் ஏந்திய கருவி துருவாகி மண்ணாகிவிட்டது. எவரும் அதைச் சேகரிக்கவில்லை. பெயர் நிற்கிறது! மாடு பிடிக்கும் சண்டையில் மாண்டதைப் பெருமை என்று நான் கூற வரவில்லை. ஆனால் மாண்டவன் இன்னான் என்று எழுதி வைத்தார்களே, அந்த நேர்மை எந்த ஏலக் கூடத்தின் விலைப்பட்டியலையும் விட உயர்ந்தது.

இதே பள்ளத்தாக்கில் இன்னொரு படைவீரர் பெயரும் நிற்கிறது. 1849 ஜனவரி 13-இல் பஞ்சாபின் சிலியன்வாலாப் போரில் ஓர் ஆங்கிலத் தளபதி மாண்டார். அதே களத்தில் அவருடைய இளம் மகன் ஒருவனும் மாண்டான். தளபதியின் இன்னொரு மகனுக்கு அப்போது எட்டு வயது நிறைய இரண்டு நாள் இருந்தது. அந்தச் சிறுவன்தான் பின்னாளில் முல்லைப் பெரியாறு அணையை எழுப்பிய கர்னல் பென்னிகுயிக். 1887-இல் தொடங்கி 1895-இல் முடிந்த அணை. தந்தையின் வீரத்தைச் சொல்லும் பதக்கம் எங்கோ இருக்கலாம். கம்பத்து உழவர் எவரும் அதைத் தேடியதில்லை. மகன் திருப்பிவிட்ட தண்ணீரைத்தான் நினைவில் வைத்திருக்கின்றனர். ஜனவரி 15-ஆம் நாள் அவர் பிறந்தநாளில் பொங்கலிடுகின்றனர். 2013-இல் கூடலூரை அடுத்த லோயர் கேம்பில் அவருக்கு மணிமண்டபமும் எழுந்தது.

ஆனால் இங்கும் விளிம்பைப் பார்க்க வேண்டும்! காட்டுக் காய்ச்சலிலும் நோயிலும் அணைக் களத்தில் மாண்ட தொழிலாளர் நூற்றுக்கணக்கானோர். சென்னைப் பயனியர் படையினரும் அங்கே உழைத்தனர். அவர்களுள் எத்தனை பேர் பெயரை நம் பிள்ளைகள் அறிவர்? ஈராயிரம் ஆண்டுக்கு முன் ஒரு மாட்டுச் சண்டை வீரனுக்குக் கிடைத்த ஒரு வரி, நம் வயலுக்கு நீர் தர மாண்டவனுக்குக் கிடைக்க வேண்டாமா?

செய்யத்தக்கது

ஆகவே, சேர்க்காதீர் என்று நான் கூறவில்லை. சேர்க்கும் முறையை மாற்றுங்கள் என்கிறேன். துப்பாக்கி போன்றவற்றுக்கு 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உண்டு. நூறாண்டுக்கு மேற்பட்ட தொல்பொருளுக்கு 1972-ஆம் ஆண்டின் சட்டம் உண்டு, அதை நாடு கடத்துவது குற்றம். சட்டத்தைப் படியுங்கள், அதன்பின் விளிம்பைப் படியுங்கள். பதக்கம் வைத்திருக்கும் முதியோர் வீட்டுக்குச் செல்லுங்கள். விலை கேட்காதீர்கள், கதை கேளுங்கள். பெயர், ஊர், பிரிவு, போன இடம், திரும்பிய ஆண்டு, திரும்பாத காரணம் ஆகியவற்றை எழுதுங்கள். பொருள் அந்த வீட்டிலேயே இருக்கட்டும்; எழுத்தின் படி ஒன்று ஊர் நூலகத்துக்கு வரட்டும். விற்கும் நிலை வந்தால், பெயரோடும் வரலாற்றோடும் பொது அருங்காட்சியகத்துக்கு வழி காட்டுங்கள். படைவீரனோடு சுமை தூக்கியவனையும் சமைத்தவனையும் சேர்த்து எழுதுங்கள். வெண்கலத்துக்கும் வெள்ளிக்கும் ஒரே பக்கத்தில் இடம் கொடுங்கள்.

வாளைச் சேர்த்தவன் வீட்டுச் சுவர் நிறையும். பெயரைச் சேர்த்தவன் நாட்டு வரலாறு நிறையும். புலிமான்கோம்பைக் கல் ஈராயிரம் ஆண்டு காத்திருந்தது. தகரப் பெட்டியில் இருக்கும் பதக்கம் அவ்வளவு காலம் காத்திருக்காது. வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் ஒரு பெயர் உலைக்குப் போகிறது. அதற்குமுன் படித்துவிடுங்கள், தோழர்களே!